காணாது துணிதல்

இரண்டை அறுபத்தேழு முறை வைத்துப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் குறைப்பின், 147573952589676412927 என்னும் இருபத்தோரிலக்கப் பேரெண் பிறக்கும். இவ்வெண்ணின் வரலாறு அளவை நூல் பயிற்றுவார்க்குப் பெரிதும் பயன்படுவதாகலின் அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பிரான்சு தேயத்துக் கிறித்தவத் துறவியும் கணித வல்லுநருமாகிய மெர்சென் என்பார், 1644 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இதனை முதன்மையெண் என்றார். அஃதாவது, ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோரெண்ணால் மீதியின்றிப் பிரிபடாதது என்பதாம். அதனை நிறுவிக் காட்டினாரல்லர். 1876 இல் அந்நாட்டவரேயான லூக்கா என்பவர், இது முதன்மையெண் அன்று எனத் துணிந்தார். இதில் வியப்பு யாதெனின், இதனைப் பிரிக்கும் எண்கள் இவையென அவர் கண்டிலர். இவ்வகையெண் முதன்மையாயின் அதற்கு இன்ன இயல்பு இருந்தே தீரல் வேண்டும்; இதற்கு அவ்வியல்பு இல்லை; ஆகலின் இது முதன்மையன்று என்பதே அவர் கொண்ட நெறி. 1903 இல் அமெரிக்கராகிய கோல் என்பவர் நியூயோர்க்கில் அறிஞர் கூட்டத்தின் முன், 193707721, 761838257287 என்னும் இரண்டையும் கரும்பலகையிற் பெருக்கிக் காட்டினார். ஒரு வார்த்தையும் பேசாதே காட்டி அமர்ந்தார் என்ப.

இடைநின்ற இருபத்தேழாண்டும் அவ்வெண் பகுபடும் என்பது அறிவா, அன்றா? காட்சியொன்றே பிரமாணமென்னும் உலகாயதர் அறிவன்று என்றே கூறல் வேண்டும். ஆயின் 1903 இல் அவ்வெண் புதிதாகப் பகுபட்டதன்று. பகுபடுமென்று முன்னரே ஐயமறத் தெளிந்ததற்குக் காட்சி பின்வந்து சேர்ந்தது. கருதலளவையின் வலிக்கு இதனினும் தெளிந்த உதாரணம் பள்ளிக்கூடத்திற் கிடைத்தல் அரிது.

அற்றேல், துறவியார் சொல் பொய்த்தமையின் உரையளவை வீழ்ந்ததன்றோ எனின், அன்று. கருதலால் எட்டற்பாலதோர் பொருளில், நிறுவாது சொன்ன மனிதர் சொல் உரையளவை ஆகாது. குற்றமற்ற முதல்வன் வாக்கே, ஏனையிரண்டும் எட்டாவிடத்துக் கொள்ளப்படுவது. பிறசமயத்தார் ஒருவர் வழுவினார் என்று நாம் மகிழ்தற்கும் இதில் இடமில்லை. "ஏன்?" என்று வினாவும் மாணாக்கனுக்கு "புத்தகத்தில் அப்படியுள்ளது" என்று விடையிறுக்குந்தோறும், முதல்வன் வாக்குக்குரிய இடத்தில் நம் சொல்லை அன்றோ வைக்கின்றோம்? இது சிறு பிழையென யாம் கருதுகின்றிலேம். அங்ஙனம் பழகிய பிள்ளை, நாளை ஆகமத்தையும் ஆசிரியர் சொல்லையும் ஒரு தட்டில் வைத்து, ஒன்று பொய்த்தபோது இரண்டையும் ஒருங்கே எறிந்துவிடுவான்.

இத்தகைய எண்களைக் காட்டிக் கடவுளுண்மை நிறுவப் புகுவாருமுளர். அஃது ஒருபுடையுவமையே. இவ்வெண்ணின் காரணிகள் ஈற்றிற் கண்ணுக்குப் புலனாயின. இறைவன் அங்ஙனம் புலனாவான் அல்லன்.

வகுப்பிற் செய்து காட்ட விரும்புவார், மூன்றெண்களின் இலக்கங்களையும் தனித்தனியே ஓரிலக்கமாகுங்காறும் கூட்டிப் பார்க்க. பேரெண்ணுக்கு 109, பின் 10, பின் 1. காரணிகளுக்கு 37, 64. அவையும் 1 ஆகவே முடியும். ஒன்றையொன்று பெருக்க ஒன்றே வருதலின் பொருத்தமுண்டு. ஆயினும் பொருத்தம் நிறுவுதல் ஆகாது. தவறிய பெருக்கமும் இச்சோதனையில் தப்புவதுண்டு. "அப்படியாயின் விடை சரியென்று எப்படித் தெரியும், ஐயா?" என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், கரும்பலகையைத் துடைத்து, சுண்ணக்கட்டியை அப்பிள்ளையின் கையிற் கொடுத்து, முழுப் பெருக்கலையும் செய்விக்க.