அப்பாவின் தவறுக்கு ஒரு பெயர்

என் அப்பா தையல்காரர். பள்ளி விடுமுறையில் நான் கடையில் உட்கார்ந்து காஜா எடுப்பேன். சட்டை வாங்க வருகிறவர்கள் பொத்தான் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் உங்கப்பா கை வராதுப்பா" என்பார்கள். அந்த அப்பா அளவு தப்பி வெட்டிய துணிகள் மேசைக்கு அடியில் ஒரு மூட்டையாகக் கிடந்தது எனக்குத்தான் தெரியும்.

இத்தாலியக் கால்பந்து வீரர் பாவ்லோ மால்டினியைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அந்த மூட்டை ஞாபகம் வந்துவிடும்.

அவருடைய அப்பா செசாரே மால்டினி, ஏசி மிலான் அணியின் தற்காப்பு வீரர். 1963இல் லண்டன் வெம்ப்ளியில் பென்ஃபிகாவை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய கேப்டன். இத்தாலிய கிளப் ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுதான் முதல்முறை. அவரிடம் ஒரு பழக்கமும் இருந்தது. பந்தைத் தூர அடித்துத் தொலைக்காமல், எதிராளியை ஏய்த்துவிட்டுக் காலோடு கொண்டுபோகப் பார்ப்பார். சில சமயம் பறிகொடுப்பார். கோல் வாசலருகே பறிகொடுத்தால் என்ன ஆகும்! இத்தாலியப் பத்திரிகைகள் இந்தத் தவறுக்கு அவர் பெயரையே சூட்டின: மால்டினாட்டா.

அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு 1985 ஜனவரியில், 16 வயதில், உதீனே மைதானத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார் பாவ்லோ. அப்பாவின் கிளப், அப்பாவைப் போலவே தற்காப்பு. தப்பித்துக்கொள்ள ஒரு சந்துகூட வைத்துக்கொள்ளவில்லை. 2009 வரை மிலானுக்கு மட்டும் 902 ஆட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். 2003இல் மான்செஸ்டரில் யுவென்டஸை வென்று கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியபோது, அப்பா தூக்கி நாற்பது வருடம் ஆகியிருந்தது. அதுவும் அதே இங்கிலாந்தில். 1998 உலகக் கோப்பையில் பயிற்சியாளர் அப்பா, கேப்டன் மகன். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

மால்டினி என்றாலே பிழையில்லாத தற்காப்பு என்று ஆகிவிட்டது. மால்டினாட்டா பழங்கதையானது.

ஆனால் பாவ்லோவிடமும் ஒரு மூட்டை உண்டு. உலகக் கோப்பை அவர் கைக்கு வரவேயில்லை. 1994 இறுதியாட்டம் பெனால்டியில் போனது. 2002இல் தென்கொரியாவின் ஆன் ஜங்-ஹ்வான் அவரை முந்தித் தலையால் அடித்த தங்க கோல் இத்தாலியை வீட்டுக்கு அனுப்பியது. அத்தோடு தேசிய அணியை விட்டார். நான்கே வருடத்தில் இத்தாலி கோப்பையை வென்றது. 2005 இஸ்தான்புல்லில் முதல் நிமிடத்திலேயே கோல் போட்டார். 3-0 என்று முன்னால் இருந்த மிலான், லிவர்பூலிடம் தோற்றது. சொந்த மைதானத்தில் கடைசியாக ஆடிய நாளில் ரசிகர்களில் ஒரு கூட்டம் விசிலடித்தது. நம்மூரில் விசில் என்றால் கொண்டாட்டம். இத்தாலியில் அது ஏச்சு.

இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சமிருக்கும் பாவ்லோவைத்தான் அவர் மகன்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி அளக்கிறார்கள். அப்பாக்கள் எப்போதும் இப்படித் திருத்திய பதிப்பாகத்தான் பிள்ளைகளிடம் வந்து சேர்கிறார்கள். மூத்தவர் கிறிஸ்டியன் மிலானின் இளையோர் அணிகளில் வளர்ந்தும் முதல் அணியில் ஆட முடியாமல் கீழ்நிலை லீக்குகளுக்குப் போனார். அவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. பாருங்கள், நானும் இரண்டு வரியில் கடக்கிறேன்.

இளையவர் டேனியல் மிலானின் முதல் அணிக்கு வந்தார். பாவ்லோவின் 3ஆம் எண் சட்டையை கிளப் ஓய்வுக்கு அனுப்பியிருந்தது, மகன்களுக்கு மட்டும் விலக்கு. டேனியல் 27ஐ எடுத்துக்கொண்டார். பிறகு வேறு கிளப்புகளுக்குப் போனார். 2024 அக்டோபரில் இஸ்ரேலுக்கு எதிராக இத்தாலிக்கு முதல்முறை ஆடினார், மூன்றாம் தலைமுறை. அப்பா தொடங்கிய அதே உதீனே, அதே போல மாற்று ஆட்டக்காரராக.

ஒரே ஒரு வித்தியாசம். டேனியல் தற்காப்பு வீரரல்ல, முன்கள ஆட்டக்காரர். எதிராளியை ஏய்த்துப் பந்தைக் காலோடு கொண்டுபோவதற்குத்தான் அவருக்குச் சம்பளமே.