வாடகையும் வீட்டின் ஆயுளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வசதி குறைந்தோர் பலருக்கு உறைவிடமாக இருப்பது ‘மொபைல் ஹோம்’ எனப்படும் நகரும் வீடு. தொழிற்சாலையில் எஃகுச் சட்டத்தின்மீது கட்டி, சக்கரம் பூட்டி இழுத்து வந்து நிறுத்துவார்கள். நிறுத்திய பின் பெரும்பாலும் அது நகர்வதில்லை. இத்தகைய வீடுகளை நிலத்தோடு சேர்த்து ஒவ்வொன்றாக வாங்கி வாடகைக்கு விடுவது, அங்கே சிறுமுதல் உடையோர் நாடும் தொழில்களில் ஒன்று. காரணம், விலை குறைவு. விலையை நோக்க வாடகை அதிகம்.

வீடு கொடுத்து வாடகை பெறுவது நேர்மையான தொழில்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நேர்மையான தொழில்தான். ஆனால், இலாபம் என்று நாம் எதைச் சொல்லுகிறோம் என்பதே கேள்வி.

நிலமும் வீடும் சேர்ந்து 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 800, ஆண்டுக்கு 9,600. போட்ட முதலில் ஏறக்குறையக் கால் பங்கு ஓராண்டில் திரும்புகிறதே என்று மனம் துள்ளும். நிலத்தின் விலை 10,000 என்றால் வீட்டின் விலை 30,000. நிலம் தேயாது, வீடு தேயும். இன்னும் 15 ஆண்டுகளே அது தாங்குமானால், ஆண்டுக்கு 2,000 டாலர் வீதம் வீடு கரைகிறது. அந்தத் தொகை இலாபமன்று, வீட்டின் ஆயுள். வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவையும் வாடகையிலிருந்தே போகவேண்டும்.

இவற்றையும் இலாபமென எண்ணிச் செலவழித்துவிட்டு, கூரை ஒழுகும்போது கையை விரிப்பவர், பிறர் தலைக்கு மேலிருக்கும் கூரையையே சிறிது சிறிதாக விற்று உண்கிறார்.

இவ்வீடுகளுக்கு மத்திய அரசின் கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15இல்தான் நடைமுறைக்கு வந்தன. 1992இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளியில் ஏராளமான நகரும் வீடுகள் அழிந்த பின்னர், 1994இல் காற்றைத் தாங்குவதற்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முன் கட்டியவையே மலிவாகக் கிடைக்கும். ஆகவே முதல் போடுபவரின் கண் அவற்றின்மீதே விழும். ஆனால் புயலடிக்கும் இரவில் அதற்குள் படுத்திருப்பவர் முதல் போட்டவர் அல்லர், வாடகை கொடுப்பவர்.

பழுது பார்த்தால் வாடகை ஏறும், ஏழைக்கு அந்த வீடும் இல்லாமற்போகும் என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கணக்கை வாங்கும் நாளிலேயே போட்டிருக்க வேண்டும். ஏழை கொடுக்கக்கூடிய வாடகையில் வீட்டைக் காக்கவும் பணம் மிஞ்சுமா? மிஞ்சும் விலைக்கே வாங்கவேண்டும். மிஞ்சாதெனில் வாங்காது விடுவதே முறை.

வீடு நம்முடையது, அதில் வாழும் உயிர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். எந்த நாட்டில் எந்தக் கூரையை வாடகைக்கு விடுவோருக்கும் இது பொருந்தும்.