கதவுகள் திறந்த வரிசை

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளை மூடியது நியாயமா என்று இன்று வினவுவோரில் பலர், 2020 மார்ச் மாதத்தில் நம் அறியாமை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை மறந்து, பின்னால் வந்த தெளிவைக் கொண்டு முன்னால் செய்த காரியத்தை அளக்கிறார்கள். நோய் யாரைக் கொல்லும், யாரை விட்டுவிடும் என்று எவருக்கும் திட்டமாகத் தெரியாத அந்நாளில், பாட்டியும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே அறையில் படுத்துறங்கும் வீடுகள் மலிந்த நாட்டில், நாற்பது ஐம்பது குழந்தைகள் தோளோடு தோள் உரச அமரும் வகுப்பறையைப் பூட்டிவைப்பதே விவேகம். மூடியதில் அதர்மம் இல்லை. தர்மசங்கடம் தொடங்கியது, எதை முதலில் திறப்பது என்று தீர்மானிக்க வேண்டி வந்தபோதுதான்.

தமிழ்நாட்டில் அந்த வரிசை எப்படி அமைந்தது? மதுக்கடைகள் 2020 மே 7 அன்றே திறக்கப்பட்டன. உயர்நீதிமன்றம் தடுத்தது, உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது, கடைகள் மறுபடி திறந்தன. செப்டம்பரில் கோயில்கள் திறந்தன. நவம்பர் 16 முதல் உயர் வகுப்புகளையேனும் நடத்தலாம் என்று அறிவித்த அரசு, நவம்பர் 9 அன்று பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்து அபிப்பிராயம் கேட்டது, அபிப்பிராயங்கள் பிளவுபட்டன, அறிவிப்பும் கைவிடப்பட்டது. ஆனால் அக்கூட்டம் நடந்ததற்கு மறுநாளே, பாதி இருக்கைகளோடு திரையரங்குகள் திறந்துகொண்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 2021 ஜனவரி 19 வரையிலும், ஒன்று முதல் எட்டு வரையிலான சிறுவர்கள் அவ்வாண்டு நவம்பர் 1 வரையிலும் காத்திருந்தார்கள். கஜானாவுக்கு வருமானம் வேண்டும், அவ்வருமானத்தில்தான் மருத்துவமனையும் நியாயவிலைக் கடையும் நடக்கின்றன என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எனினும் வருமானம் தருவது முதலிலும், தராதது கடைசியிலும் திறக்கிற ஒரு வரிசையைச் சுகாதாரத்தின் பெயரால் மட்டும் சமாதானம் சொல்லிவிட முடியாது.

“உயிர் இருந்தால் படித்துக்கொள்ளலாம்” என்று அன்று வீட்டுக்கு வீடு சொன்னார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாக்கு அல்ல அது. 2021 கோடையில் வந்த இரண்டாம் அலையைக் கண்டவர் எவரும் அதை ஏளனம் செய்யத் துணியமாட்டார். ஆயினும் அதனுள் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது: இழந்த படிப்பைப் பிற்பாடு மீட்டுக்கொள்ளலாம் என்பது. புத்தகமும் தனி ஆசிரியரும் உள்ள வீட்டுக்கு அது பொருந்தும். பட்டறையில் நாட்கூலிக்குப் பழகிவிட்ட பையனுக்கோ, பதினாறு வயதில் கழுத்தில் தாலி ஏறிவிட்ட பெண்ணுக்கோ ‘பிற்பாடு’ என்று ஒரு காலம் வருவதில்லை. இந்நோய் சிறுவரைப் பெரும்பாலும் கடுமையாகத் தாக்குவதில்லை என்பது சில மாதங்களிலேயே தெளிவாகிவந்த நிலையில், மூத்தோரைக் காக்கும் பொருட்டு இளையோர் செய்தது தியாகம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் தியாகம் என்பது மனமறிந்து கொடுப்பது, இவர்களிடமிருந்தோ அது கேளாமலே எடுக்கப்பட்டது.

இவ்விடத்தில்தான் தொலைவழிக் கல்வி, கல்வியாக உதவியதைவிட, பெரியவர்களின் மனச்சாட்சிக்கு மருந்தாக அதிகம் உதவியது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்திய ஆசிரியர்களின் உழைப்பில் குறையில்லை. ஆனால் திரை, எதிரே அமர்ந்த குழந்தை விழிக்கிறதா உறங்குகிறதா என்று அறியாது. வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் காலையில் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடுகிற குடும்பங்களில் ‘ஆன்லைன் வகுப்பு’ என்பது காதால் கேட்ட சங்கதியாகவே நின்றது. சத்துணவுக்கு ஈடாக அரிசியும் பருப்பும் கொடுத்ததும் அப்படியே: பள்ளியில் விழும் சோறு அந்தக் குழந்தையின் தட்டுக்கே உரியது, வீட்டுக்குப் போகும் அரிசியோ குடும்பத்தின் பொதுப் பானைக்கு உரியது. வகுப்பு நடக்கிறது, உணவு போகிறது, ‘ஆல் பாஸ்’ என்று தேர்ச்சியும் அளித்தாயிற்று என்ற திருப்தியில், கதவைத் திறக்க வேண்டிய அவசரம் எவருக்கும் இல்லாமற்போயிற்று.

திறந்தபோதும், பெற்றோரின் எழுத்துமூலமான இசைவோடு பிள்ளை வர வேண்டும் என்றார்கள். சம்மதம் கேட்பது மரியாதைதான். ஆனால் தொற்றின் கணக்கும் நிபுணர்களும் அரசிடம் இருக்க, அவ்விரண்டும் இல்லாத ஒரு தாயிடம் காகிதத்தை நீட்டிக் கையொப்பம் கேட்பதில், மரியாதையைவிடப் பொறுப்பை இடம்மாற்றும் சாதுரியமே மிகுந்திருந்தது என்று எனக்குப் படுகிறது. மறுபக்கத்தில், தடுப்பூசி வருமுன்பே வகுப்பறைக்குள் போக வேண்டியிருந்த, நீரிழிவும் முதுமையும் உடைய ஆசிரியரின் அச்சத்தைச் சோம்பல் என்று சிலர் பேசியதும் அநீதியே.

இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. திண்ணையிலும் மரத்தடியிலும் மாலை தோறும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்த தன்னார்வலரில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருவின் பெண்கள். முழுச் சமூகமும் பட்ட கடனைத் தீர்க்க அமர்த்தப்பட்ட அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊக்கத்தொகை, மாதம் 1000 ரூபாய்.