சாயாத துலாக்கோல்

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் ஜாஜலி என்னும் தபஸ்வியின் வரலாறு வருகிறது. அவர் அசையாமல் நின்று செய்த தவத்தில், அவரது சடைமுடியில் பறவைகள் கூடு கட்டின. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்து போகும்வரை அவர் அசையவில்லை. 'தர்மத்தை நான் அடைந்துவிட்டேன்' என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அப்போது, காசியில் வாழும் துலாதாரனுக்கு அவர் ஈடாகமாட்டார் என்று அசரீரி அறிவித்தது.

ஜாஜலி காசிக்குச் சென்றார். அங்கே துலாதாரன் கடையில் அமர்ந்து மூலிகைகளையும் வாசனைப் பொருள்களையும் விற்றுக்கொண்டிருந்தான். வனத்தில் வாழ்ந்த தபஸ்விக்குக் கடைவீதி வணிகன் தர்மத்தை உபதேசித்தான். எல்லா உயிர்களிடமும் தன் துலாக்கோல் சமமாக நிற்கிறது என்பதும், வஞ்சனையின்றி வாங்கி வஞ்சனையின்றி விற்பதே தன் வாழ்க்கை முறை என்பதும் அந்த உபதேசத்தின் சாரம். துலாதாரன் என்ற பெயருக்கே தராசைத் தாங்குபவன் என்பதுதான் பொருள்.

துலாதாரனின் கடைக்கு வந்தவன் பொருளைக் கண்ணால் பார்த்தான், கையால் தொட்டான், முகர்ந்து பார்த்தான். தராசு அவன் கண்ணெதிரே நின்றது. இன்றைய மனிதனோ, பார்க்காத பொருளை, பழகாத மனிதரிடம், போகாத ஊரிலிருந்து வாங்குகிறான். அங்கே தராசு எங்கே இருக்கிறது?

சொல்லே தராசு

1995-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பியர் ஒமிட்யார் என்பவர் இணையத்தில் ஏலத்தளம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'இபே' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. இந்தியாவில் 2000-இல் தொடங்கப்பட்ட 'பாஸி' என்ற ஏலத்தளத்தை 2004-இல் இபே வாங்கியது. அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. ஆயினும் முகமறியாதவரிடம் பொருள் வாங்கும் வழக்கம் பல தளங்களின் வாயிலாக வளர்ந்தே வந்திருக்கிறது. பழைய நாணயம், அஞ்சல்தலை, கைக்கடிகாரம், கைப்பேசி, ஓவியம் என்று எதையும் வீட்டிலிருந்தபடியே வாங்கலாம்.

இவ்வகை விற்பனையில் வாங்குபவர் கையில் இருப்பவை இரண்டே: ஒரு படம், சில வாக்கியங்கள். அவற்றை எழுதியவரின் சத்தியம்தான் அங்கே தராசு. அந்தத் தராசு சாய்ந்தால் வஞ்சனைக்குப் பல வாசல்கள் திறக்கின்றன. பணம் பெற்றபின் பொருளை அனுப்பாதவர் உண்டு. அசலின் படத்தைக் காட்டிப் போலியை அனுப்புபவர் உண்டு. பழுதை மறைப்பவர் உண்டு. வேண்டியவர்களை வைத்துப் பொய்யாக ஏலம் கேட்கச்செய்து விலையை ஏற்றுபவரும் உண்டு.

அந்த ஏலத்தளத்தின் தொடக்கத்தைப் பற்றிய ஒரு செய்தி சிந்தனைக்குரியது. அங்கே முதன்முதலில் விற்கப்பட்ட பொருளாகக் கூறப்படுவது, பழுதடைந்த ஒரு லேசர் பாயிண்டர். அதை விற்றவர் ஒமிட்யாரே, விலை 14.83 டாலர். இவ்வளவு கொடுத்தவருக்கு அது வேலை செய்யாது என்பது தெரியுமா என்று அவருக்கு ஐயம் எழுந்தது. அவர் அதை வாங்கியவரிடமே கேட்டார். பழுதடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று பதில் வந்தது. பழுதைப் பழுது என்று சொன்னதால் விற்பவர் நஷ்டம் அடையவில்லை, வாங்கியவரும் ஏமாறவில்லை.

பொய் சொல்லாத பொய்

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், அதே தளத்தில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் ஓர் ஓவியத்தை 25 சென்ட் தொடக்க விலையில் ஏலத்துக்கு வைத்தார். அது யார் வரைந்தது என்று அவர் சொல்லவே இல்லை. ஓவியத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு குடும்பஸ்தரைப் போல எழுதினார். குழந்தை விளையாடியதில் அதில் துளை விழுந்ததாகவும் குறிப்பிட்டார். ஆனால் படத்தின் மூலையில் இரண்டு எழுத்துகளும் ஓர் ஆண்டும் தெரிந்தன. அவற்றைக் கண்டவர்கள், புகழ்பெற்ற ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்னின் படைப்பு ஏதுமறியாத ஒருவர் கையில் சிக்கியிருக்கிறது என்று எண்ணிப் போட்டியிட்டனர். ஏலம் 1,35,805 டாலரில் முடிந்தது.

பின்னர் உண்மை வெளிவந்தது. அவர் சொன்ன குடும்பக் கதை கற்பனை. அந்த எழுத்துகளைத் தீட்டியவரும் அவரே. தம் பொருளுக்குத் தாமே வேறு பெயரில் ஏலம் கேட்டிருந்தார். தளம் அந்த விற்பனையை ரத்து செய்தது. 2001-இல் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்கறிஞர் தொழிலையும் இழந்தார்.

'இது இன்னாருடைய ஓவியம்' என்று அவர் சொல்லவில்லையே, பிறகு பொய் எங்கே என்று கேட்கலாம். பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில் வியாசர் இக்கேள்விக்கு விடை தருகிறார். தான் அறிந்ததைப் பிறருக்கு அறிவிக்கவே பேச்சு உள்ளது. அது கேட்பவரை வஞ்சிப்பதாகவோ, மயக்குவதாகவோ, பொருள் விளங்காததாகவோ இருந்தால் சத்தியமாகாது என்பது அவர் கருத்து. ஆகவே சத்தியம் சொற்களில் மட்டும் இல்லை. அச்சொற்கள் கேட்பவரின் உள்ளத்தில் எதை உண்டாக்க வேண்டும் என்று சொல்பவர் விரும்புகிறாரோ, அந்த விருப்பத்தில் இருக்கிறது. நல்ல பக்கத்தை மட்டும் படமெடுத்து, விரிசல் உள்ள பக்கத்தைத் திருப்பி வைப்பதும் பொய்யே.

தீச்செயல்கள் மூவகை என்றும் பதஞ்சலி கூறுகிறார்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதை ஆமோதிப்பது. நண்பருக்கு உதவுவதாக எண்ணி ஏலத்தில் பொய் விலை கேட்பவரும், அதை அறிந்து புன்னகையோடு வாளாவிருப்பவரும் அந்த வினையில் பங்கு பெறுகிறார்கள்.

வாங்குபவரின் உள்ளம்

ஏமாற்றியவரே குற்றவாளி, ஏமாந்தவர் அல்லர். இதில் குழப்பம் கூடாது. மருந்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ வேண்டிய பொருளை நம்பிக்கையோடு வாங்கி இழந்தவரிடம், 'உன் பேராசையால் கெட்டாய்' என்பது கொடுமை.

எனினும் சாதகன் தன் உள்ளத்தையும் சோதிக்கிறான். அந்த ஓவியத்துக்குப் போட்டியிட்டவர்களில் சிலரேனும், விற்பவரின் அறியாமையைத் தமக்கு லாபமாக்க எண்ணியிருக்கலாம். வஞ்சகன் விரித்த வலை அந்த எண்ணம்தான். பதினாயிரம் ரூபாய்ப் பொருள் ஆயிரம் ரூபாய்க்கு வரும்போது, 'இவர் ஏன் இழக்கிறார்?' என்ற கேள்வியைக் கேட்கவிடாமல் தடுப்பது எது? கீதை தனது பதினாறாம் அத்தியாயத்தில் நரகத்தின் மூன்று வாசல்களுள் ஒன்றாகக் கூறும் லோபமே அது.

ஏலத்தின் இறுதி நிமிடங்களில் மனம் படும் பாட்டைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் விளக்குகிறது. பொருளை நினைக்க நினைக்கப் பற்று வளர்கிறது, பற்று ஆசையாகிறது, தடை வந்தால் கோபம் எழுகிறது, கோபத்தால் மயக்கமும், மயக்கத்தால் நினைவின் தடுமாற்றமும், அதனால் புத்தியின் அழிவும் நேர்கின்றன. இன்னொருவர் கூடுதலாகக் கேட்டவுடன் பொருள் மறந்து, வெற்றியே குறியாகிவிடுகிறது. இதற்கு விவேகம் காட்டும் வழி எளியது: இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற எல்லையை ஏலம் தொடங்குமுன்பே வகுத்து, அதைத் தாண்டாதிருப்பது.

ஏமாந்தபின் வரும் சோதனை

உண்மையான சோதனை இதற்குப் பிறகே வருகிறது. அரசர் உருவம் பொறித்த பழைய வெள்ளி ரூபாய் ஒன்றை ஒருவர் இணையத்தில் வாங்குவதாகக் கொள்வோம். ஆங்கிலேயர் காலத்தில் 1939 வரை அச்சிடப்பட்ட அந்த நாணயத்தின் எடை 11.66 கிராம்; நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு வெள்ளி. பொட்டலம் வந்தபின் நிறுத்துப் பார்க்கிறார், எடை குறைகிறது. உரசிப் பார்க்கிறார், பூச்சு கழன்று வேறு உலோகம் தெரிகிறது. விற்றவரின் கைப்பேசியோ மௌனமாகிவிட்டது.

அவருக்கு முதலில் கோபம் வருகிறது. பிறகு மெல்ல இன்னொரு குரல் பேசுகிறது: 'இதை அதே போலப் படமெடுத்து, அதே வாக்கியங்களை எழுதி விற்றுவிட்டால் என்ன? போன பணம் திரும்பும். நான் யாரிடமும் திருடவில்லையே. எனக்கு நேர்ந்ததை இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறேன், அவ்வளவுதானே?'

இந்த இடத்தில்தான் அவரது வாழ்க்கை எந்தப் பக்கம் சாயும் என்பது முடிவாகிறது. இதுவரை வஞ்சகன் எடுத்தது பணத்தை மட்டுமே. அந்தக் குரலுக்கு அவர் இணங்கினால், வஞ்சகன் அவரது தர்மத்தையும் எடுத்துக்கொண்டவனாகிறான். அதோடு நில்லாமல் அவரைத் தன் சீடராகவும் ஆக்கிவிடுகிறான். இணங்காமல் அந்த நாணயத்தைப் போலி என்று குறித்து எடுத்து வைத்தாரானால், பல கைகள் மாறி வந்த வஞ்சனை அவர் வாசலில் முடிந்துவிடுகிறது. ஒரு விஷம் மேலும் பரவாமல் தடுத்த புண்ணியம் அந்தச் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்த பலன்.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பொருளின் தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில், நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைப்பதில்லை. அதனால் நேர்மையானவர்கள் சந்தையைவிட்டே விலகுகிறார்கள் என்றார் அவர். ஆகவே ஒரு போலியைத் தள்ளிவிடுபவர், வாங்கியவரை மட்டும் ஏமாற்றவில்லை; பார்த்தறியாத நேர்மையான வணிகர் பலரின் பிழைப்பிலும் கைவைக்கிறார். அஸ்தேயம், அதாவது பிறர் பொருளைக் கவராமை, இவ்வளவு தூரம் விரிகிறது.

பொறுமையும் கடமையும்

அப்படியானால் 'என் பிராரப்தம்' என்று வாளாவிருப்பதா? இல்லை. செயலின்மை பொறுமை ஆகாது. தகுந்த இடத்தில் முறையிடுவது அடுத்தவரைக் காப்பாற்றும் கடமை. வஞ்சகனை மேலும் பாவம் செய்யாமல் தடுக்கும் கருணையும் அதுவே. இந்தியாவில் இணைய வழிப் பணமோசடிகளுக்கு 1930 என்ற உதவி எண்ணும், நுகர்வோர் குறைகளுக்கு 1915 என்ற எண்ணும் உள்ளன. பணம் பறிபோனது தெரிந்தவுடன் காலம் தாழ்த்தாமல் 1930-ஐ அழைப்பது, அது கைமாறுமுன் தடுத்து நிறுத்த உதவும். 2020-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இணைய வணிகத்தையும் உள்ளடக்கியது. விற்பனை அறிவிப்பு, பரிமாறிய செய்திகள், பணம் செலுத்திய ரசீது, வந்த பொருளின் படம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

விற்றவரைப் பற்றி அத்தளத்தில் கருத்து எழுதும் வசதி இருந்தால் உண்மையை எழுத வேண்டும். இபே தளத்தில் 2008 வரை, குறை கூறிய வாங்குபவரைப் பற்றி விற்பவரும் பதிலுக்குக் குறை எழுத முடிந்தது. அந்த அச்சத்தால் வாய் திறக்கத் தயங்கியவர்கள் உண்டு. அச்சத்தால் உண்மையை விழுங்குவதும் தவறு. கோபத்தால் அதைப் பெருக்குவதும் தவறு. நடந்ததை நடந்தபடி எழுதுவது ஒரு வாக்குத் தவம்.

இவ்வளவும் செய்தபின், பணம் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் உள்ளத்திலிருந்து பகையை இறக்கி வைக்க வேண்டும். 'உலகில் எல்லோரும் திருடர்கள்' என்ற முடிவு அனுபவத்தின் பாடம் அன்று. அது காயத்தின் புலம்பல். வந்த பொருளைத் திறக்குமுன்பே ஐயம் கொள்ளும் கண்ணுக்கு, நேர்மையாளரின் முகமும் தெரியாமல் போகும். விழிப்போடு கூடிய சிரத்தையே சாதகனுக்கு உரியது.

விற்கும்போது குறையை முதலில் சொல்லட்டும். வாங்கும்போது அடுத்தவரின் நஷ்டத்தில் லாபம் தேடாதிருக்கட்டும். ஏமாந்தபோது அந்த ஏமாற்றத்தை அடுத்தவருக்கு விற்காதிருக்கட்டும். இம்மூன்றையும் கடைப்பிடிப்பவர் எந்த ஊரில், எந்தத் திரையின் முன் அமர்ந்திருந்தாலும், காசிக் கடைவீதியின் அந்தத் தராசு அவர் இதயத்தில் நேராக நிற்கும். அதன் முள்ளை இறைவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.