நிழல் யாருக்குச் சொந்தம்?

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

 

சில வாரங்களுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி எனக்குப் போன் செய்தார். வளைகுடா நகரம் ஒன்றில், சாலை நடுவில் இருக்கும் செடிகளையும் மரங்களையும் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். ஸலாம் சொல்லி நலம் விசாரித்த பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ஹஜ்ரத், மரம் நட்டா ஸதகா நன்மைன்னு மதரஸாவுல படிச்சோம். நான் வருஷத்துக்கு நூத்துக்கணக்குல நடுறேன். ஆனா சம்பளத்துக்குத்தான் நடுறேன். மரமும் எனது இல்ல, தண்ணியும் எனது இல்ல. எனக்கு நன்மை உண்டா?"

நான் வாய் திறப்பதற்குள் இன்னொன்றையும் சொன்னார். "நாங்க பெரும்பாலும் வைக்கிறது பூச்செடியும் புல்லும்தான் ஹஜ்ரத். பார்க்க அழகா இருக்கும். ஆனா மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க நிழல் தேடி ரொம்ப தூரம் நடக்கணும்."

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இரண்டாவதாக அவர் சொன்னது என்னை விடவில்லை. பாலைவனத்தில் ஒரு நகரம் எழுகிறது. அங்கே தண்ணீர் அல்லாஹ்வின் அரிய அமானிதம். அந்தத் தண்ணீரை ஊற்றி உண்டாக்கும் குளிர்ச்சி யாருக்குப் போய்ச் சேர வேண்டும்? இன்றைய குத்பாவில் இதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

முதலில், வெயில் நகரத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பாலைவன மணல் பகலில் கொதிக்கும். இரவில் சீக்கிரம் ஆறிவிடும். அந்த மண்ணின் மேல் தார் ரோடும் கான்கிரீட்டும் போட்டால், அவை பகல் முழுதும் வெப்பத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் மெல்ல மெல்லக் கக்குகின்றன. அதனால் பாலைவன நகரத்தில் இரவிலும் உடம்புக்கு ஓய்வு கிடைப்பதில்லை. கோடை வெயிலில் தார் ரோட்டின் மேற்பரப்பு 65, 70 டிகிரி செல்சியஸ் வரை போகும். விழுந்தவரின் தோல் வெந்துவிடும்.

இதற்கு மரம் இரண்டு வகையில் மருந்தாகிறது. ஒன்று, வெயில் தரையில் படாமல் தடுக்கிறது. மற்றொன்று, வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக விடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது, ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவு வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே ஸுன்னத்துல்லாஹ்வினால்தான். அதனால்தான் தண்ணீர் பாயும் தோப்பு, சுற்றியுள்ள பாலையைவிடப் பகலில் குளிர்ந்திருக்கிறது. அபூதாபி அமீரகத்தின் அல் ஐன் சோலையில் ஃபலஜ் என்னும் பழங்கால வாய்க்கால்கள் இன்றும் பேரீச்ச மரங்களுக்கு நீர் தருகின்றன. உயரத்தில் பேரீச்சை, அதன் நிழலில் பழ மரங்கள், அதற்கும் கீழே தீவனமும் காய்கறியும் என்று அடுக்கடுக்காக நடுவது பாலைவனச் சோலைகளின் பழைய முறை. ஒரே தண்ணீர், மூன்று பயன்.

ஆனால் எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. கோடையில் ஒரு சதுர மீட்டர் புல்தரை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீர் கேட்கும். தரை குளிரும்; ஆனால் அதன் மேல் நிற்பவரின் தலைக்கு நிழல் தராது. மாறாக, அரபு நாட்டில் காஃப் என்று ஒரு மரம் இருக்கிறது. நம் ஊரில் வன்னி என்கிறோமே, அதே மரம்தான். ஆழத்தில் இருக்கும் நீரை வேரால் தேடிக் குடித்து, கொஞ்சத் தண்ணீரில் வளர்ந்து, நிழலும் தீவனமும் தருகிறது. அரபு அமீரகம் 2019-ஐ சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது இந்த மரத்தைத்தான் சின்னமாக வைத்தது.

சகோதரர்களே! இனி மார்க்கத்தின் அளவுகோலுக்கு வருவோம்.

ஸஅத் (ரலி) அவர்கள் ஒளூ செய்துகொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள், இது என்ன வீண் விரயம் என்று கேட்டார்கள். ஒளூவிலுமா விரயம் என்று ஸஅத் (ரலி) வியந்தபோது, ஓடும் ஆற்றில் நின்று செய்தாலும் விரயம் விரயமே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இப்னு மாஜாவில் வருகிறது. இங்கே கவனியுங்கள். தண்ணீர் நிறைய இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா என்பது இஸ்ராஃபின் அளவுகோல் அல்ல. அது தேவைக்குச் செல்கிறதா என்பதுதான் அளவுகோல். "எங்களிடம் பணம் இருக்கிறது, கடல் நீரைக் குடிநீராக்குகிறோம், ஊற்றுகிறோம்" என்பது அல்லாஹ்விடம் பதிலாகாது. அதேபோல, "தண்ணீர் அரிது, அதனால் மரமே வேண்டாம்" என்பதும் பதிலாகாது. நிழலும் ஒரு தேவைதான். தான் படைத்தவற்றிலிருந்து உங்களுக்கு நிழல்களை ஏற்படுத்தினான் என்று ஸூரத்துந் நஹ்லில் அல்லாஹ் அதைத் தன் நிஃமத்துகளில் ஒன்றாக எண்ணிச் சொல்லிக்காட்டுகிறான்.

முஸ்லிம் நூலில் வரும் இன்னொரு ஹதீஸ். மக்களின் சாபத்தைக் கொண்டுவரும் இரண்டு செயல்களை அஞ்சும்படி நபி (ஸல்) எச்சரித்தார்கள்: மக்கள் நடக்கும் பாதையிலும், மக்களுடைய நிழலிலும் மலஜலம் கழிப்பது. "மக்களுடைய நிழல்" என்று நிழலை மக்களோடு சேர்த்துச் சொல்கிறார்கள். மரம் யாருடையது என்று அங்கே பேச்சே இல்லை. இலந்தை மரத்தை வெட்டுபவரைக் கண்டிக்கும் ஹதீஸுக்கு இமாம் அபூதாவூத் (ரஹ்) தாமே விளக்கம் தருகிறார்கள்: வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழல் பெறும் வெட்டவெளி மரத்தை, உரிமையின்றி வீணாக வெட்டுபவரைப் பற்றியது அது என்று. நிழலை அசுத்தப்படுத்துவதே சாபத்துக்குரியது என்றால், நிழலே இல்லாதபடி ஒரு நகரத்தைத் திட்டமிடுவது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்!

இது வெறும் பேச்சல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அமெரிக்காவின் அரிஸோனா பாலைவனத்தில் ஃபீனிக்ஸ் என்றொரு பெருநகரம். 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாட்கள் பகல்நேர உச்ச வெப்பம் 43 டிகிரிக்குக் குறையவில்லை. அந்நகரம் அமைந்துள்ள மாரிகோபா மாவட்டத்தில் மட்டும் அந்த ஆண்டு 645 பேர் வெப்பத்தால் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வீடற்றவர்கள். அதே ஊரில் செல்வந்தர் தெருக்களில் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. ஏழைகளின் தெருக்களில் மொட்டை வெயில். ஏசி வெளியே தள்ளும் அனல் இரவு வெப்பத்தைச் சில இடங்களில் ஒரு டிகிரிக்கும் மேல் கூட்டுகிறது என்று அந்நகரில் நடந்த ஆய்வொன்று கண்டது. வீட்டுக்குள் இருப்பவரின் குளிர்ச்சி, வெளியே படுத்திருப்பவரின் அனல்! தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைக்கவும் கூடாது என்பது நம் ஃபிக்ஹின் அடிப்படை விதி அல்லவா?

இது பிறருக்கு மட்டும் சொல்லும் செய்தி அல்ல. 2024 ஹஜ்ஜில் மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 ஹாஜிகள் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதியின்றி வந்து, ஒதுங்க இடமில்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். அந்தச் சட்டம் ஹாஜிகளின் பாதுகாப்புக்காகத்தான். ஆனாலும் அந்தக் கணக்கு ஒன்றைச் சொல்கிறது: கூடாரம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே சூரியனுக்குக் கீழேதான் இருந்தார்கள், நிழல் இல்லாதவர்களே பெரும்பாலும் மடிந்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அரஃபாத் மைதானத்தில் ஆயிரக்கணக்கில் நிற்பது நம் ஊர் வேப்ப மரங்கள். 1980-களில் நட்டு வளர்க்கப்பட்டவை. அந்த நிழலில் உட்கார்ந்து அழுது துஆ கேட்கும் ஹாஜியிடம் யாரும் நாடு கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. நிழல் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது எப்படி என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

சரி, தண்ணீருக்கு என்ன செய்வது? கழிவுநீரைச் சுத்திகரித்து, நிறம், மணம், சுவை மாறாத நிலைக்குக் கொண்டுவந்தால் அதைப் பயன்படுத்தலாம் என்று சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978-லேயே ஃபத்வா கொடுத்துவிட்டது. இன்று 75 லட்சம் மரங்கள் நடும் இலக்கோடு 2019-ல் அறிவிக்கப்பட்ட ரியாத் பசுமைத் திட்டமும் சுத்திகரித்த நீரைத்தான் நம்பியிருக்கிறது. அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது. லாஸ் வேகாஸ் பகுதியில் வீட்டுத் தோட்டங்கள் அல்லாத இடங்களில், யாரும் கால் வைக்காத, பார்வைக்காக மட்டும் இருக்கும் புல்லுக்கு, 2027 முதல் கொலராடோ ஆற்று நீர் கிடையாது. நல்ல சட்டம்தான். ஆனால் புல்லோடு சேர்த்துத் தண்ணீர் குடித்துவந்த மரங்களும் காய்ந்தால் நிழலும் போய்விடுமே என்ற கவலை அங்கே இருக்கிறது. விரயத்தை நிறுத்துவது பாதி வேலை. மிச்சமான தண்ணீரை நிழலுக்குத் திருப்புவது மீதிப் பாதி.

ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் வாய்க்கால் தகராறு வந்தபோது நபி (ஸல்) தந்த முதல் தீர்ப்பும் இதுதான்: உம் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்கு விடும் என்றார்கள். மேல்மடைக்காரருக்கு முன்னுரிமை உண்டு; முழு உரிமை கிடையாது.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நபி (ஸல்) அவர்கள் உம்மு முபஷ்ஷிர் (ரலி) அவர்களின் பேரீச்சந் தோட்டத்துக்குள் சென்று, இதை நட்டது யார், முஸ்லிமா என்று கேட்டார்கள். ஆம் என்றதும், ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ கால்நடையோ பறவையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்றார்கள். புகாரியின் விரிவுரையான ஃபத்ஹுல் பாரியில் ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) இதில் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார்கள். தோட்டம் அந்த அம்மையாருடையது. ஆனாலும் நட்டவர் யார் என்று தனியாகக் கேட்கப்பட்டது. ஆகவே சொத்து வேறொருவருடையதாக இருந்தாலும் நடுபவருக்குக் கூலி உண்டு! உண்பது போல நிழலில் இளைப்பாறுவதும் ஒரு பயன்தான். மேலும், இடப்பட்ட கட்டளையை மனமுவந்து முழுமையாக நிறைவேற்றும் நம்பகமான கருவூலக்காரரும் ஸதகா செய்தவர்களில் ஒருவர் என்று புகாரியில் வருகிறதே! சம்பளம் வாங்குவது நன்மையை அழிப்பதில்லை. நிய்யத்தை மட்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

நடுபவரின் கூலி அல்லாஹ்விடம் பத்திரமாக இருக்கிறது. நட வைப்பவரின் கணக்குதான் கனமானது. மூஸா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். மத்யனுக்கு வந்தபோது அவர்கள் கையில் காசில்லாத அந்நியர். இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஒரு நிழலில் ஒதுங்கி, தன் ரப்பிடம் கையேந்தினார்கள். பின்பு அதே ஊரில் கூலிக்கு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். பிழைக்க வந்த ஒருவருக்கு உட்கார அன்று மத்யனில் ஒரு நிழல் இருந்தது. இன்று நம் சகோதரர்கள் பிழைக்கப் போன நகரங்களில் இருக்கிறதா? அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் உண்டு. அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் உட்கார ஓர் இடமும் வேண்டுமே!

இதை வளைகுடாவில் படித்துக்கொண்டிருக்கும் சகோதரர்களே! உங்களில் சூப்பர்வைசர்கள், இன்ஜினியர்கள், கம்பெனி நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். வரைபடத்தில் பூப்பாத்தி வரும் இடத்தில் ஒரு மரத்துக்காக வாதாடுங்கள். வில்லாவில் இருப்பவர்கள் ஒரு மரத்தைச் சுவருக்கு வெளியே, பஸ்ஸுக்கு நிற்பவரின் தலைக்கு மேலே வரும்படி, முறையான அனுமதி பெற்று வையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் முற்றத்தில் நிழல் உண்டாக்குங்கள். தொழுகை முடிந்ததும் கேட்டைப் பூட்டி அந்த நிழலைச் சிறைவைக்காதீர்கள்.

அன்று இரவு தம்பியைத் திரும்ப அழைத்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "இனி மரம் வந்தா பிஸ்மில்லாஹ் சொல்லி வைக்கிறேன் ஹஜ்ரத். எனக்கு இல்லாட்டியும், எனக்கப்புறம் அந்த வேலைக்கு வர்றவனுக்கு உதவும்."

அர்ஷின் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லாத ஒரு நாள் வரப்போகிறது. அன்று நாம் எல்லோரும் நிழல் தேடுபவர்கள்தான். இங்கே அடுத்தவருக்கு நிழல் தராமல், அங்கே நமக்கு மட்டும் எப்படிக் கேட்பது?

யா அல்லாஹ்! உன் தண்ணீரை வீணாக்காதவர்களாகவும், உன் நிழலைப் பதுக்காதவர்களாகவும் எங்களை ஆக்குவாயாக! வெயிலில் உழைக்கும் எங்கள் சகோதரர்களின் உடலையும் ஈமானையும் பாதுகாப்பாயாக! மறுமையில் உன் அர்ஷின் நிழலை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.