மறைந்து நிற்பது பாவமா?

மதிலின் உச்சியை வெளிப்பக்கம் துருத்திக் கட்டி, அதன் தரையில் ஓட்டை விடுவார்கள். அடியில் வந்தவன் தலையில் கல்லைப் போடலாம், கொதிக்கிற எண்ணெயைக் கொட்டலாம். கொட்டுகிறவன் முகம் கீழே நிற்பவனுக்குத் தெரியாது. ஐரோப்பியர் இதை மேச்சிகோலேஷன் என்பார்கள். எங்கள் குருவிகுளம் பக்கத்துப் பாளையங்களில் பெரும்பாலும் மண்கோட்டைதான். ஆனாலும் 1801-ல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையின் ஆட்கள் கொத்தளங்களைக் கூடாக விட்டு, உடைப்பில் ஏறிய கும்பினிச் சிப்பாய்களை உள்ளிருந்தே நீண்ட ஈட்டியால் குத்தினார்கள். அந்தப் போரில் கும்பினிப் பக்கம் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் இதை எழுதியிருக்கிறார். மார்ச் 31-ல் நடந்த தாக்குதல் தோற்றது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது.

கம்பராமாயணத்தில் இராமன் மறைந்து நின்று வாலியை எய்ததை நடத்தும்போதெல்லாம் என் வகுப்புப் பையன்கள் வாலி கட்சிதான். இராமன் நேரில் வந்திருந்தால் நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய், உன் தம்பி சுக்கிரீவனுக்குத் தந்த வாக்கு என்னாவது என்று இலக்குவன் வாலியிடம் சொல்வான். "வக்கீல் பேச்சு, சார்" என்றான் ஒருத்தன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அதே பையன்களுக்கு ஊமைத்துரையின் ஆட்கள் மறைந்திருந்து குத்தியது வீரம்! முரணாகத் தெரியும், ஆனால் அவர்கள் சொல்வது சரி.

கோட்டை ஒளிவதில்லை. தூரத்திலேயே தன்னைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆள் தெரியாது, ஆபத்து தெரியும். ஏணியோடு வருகிறவன் அறிந்தேதான் வருகிறான். வாலியும் ஒன்றும் அறியாதவனல்ல, மனைவி தாரை எச்சரித்தாள். இராமன் அப்படிச் செய்யமாட்டான் என்று அவள் வாயை அடைத்துவிட்டு வந்தான். மரமறைவைவிட, அந்த நம்பிக்கையின் மேல் அம்பு விழுந்ததுதான் குற்றம்.

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளை இளங்கோ நீளமாக அடுக்குகிறார்: கொதிநெய், உருக்கிய உலோகம், கல் நிரப்பிய கூடை. வர்ணனைக்காக அடுக்கினார் என்று உரை சொல்லிப் போய்விடுகிறோம். அந்த மதிலின் வாயில் வழியாகத்தான் இடையர்குல மாதரி, தன்னிடம் அடைக்கலமாக வந்த கண்ணகியை அழைத்துப் போகிறாள். பொறி எதுவும் அசையவில்லை. அடைக்கலமாக வந்தவர்களுக்கென்று வைத்ததல்ல அது. கோவலனைக் கொன்றது மதிலுக்கு உள்ளே, அரசனின் விசாரிக்காத ஒரு சொல். வெட்டிய காவலன் எங்கேயும் ஒளியவில்லை. எதிரில் நின்றே வாளை வீசினான்.