காலத்தின் மேல் போடும் பழி

திருமங்கலத்துக்காரருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை பார்க்க ஆசை வந்தால், வடக்கே திண்டுக்கல்லுக்கோ வடகிழக்கே திருமயத்துக்கோ போகவேண்டும். பக்கத்தில் ஒன்றும் இல்லை. இத்தனைக்கும் எங்கள் வட்டாரம் பாளையக்காரர்களின் சீமை. பேரையூர், சாப்டூர், ஏழுமலை, உத்தப்பநாயக்கனூர் என்று சுற்றிலும் பாளையங்கள். பாளையம் என்றால் கோட்டை இல்லாமலா? அதெல்லாம் எங்கே என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் கையை விரிப்பார்கள். "காலப்போக்குல அழிஞ்சு போச்சுப்பா."

எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை போய்விட்டது. போகவைத்தது திண்டுக்கல் மலைதான்.

வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட வேண்டிய மலை அது. பாறையிலேயே செதுக்கிய படிகள். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. 1605-இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கி, திருமலை நாயக்கர் பலப்படுத்திய கோட்டை. 1755-இல் மைசூர்ப் படையோடு ஹைதர் அலி வந்து இறங்கினார். அவர் பின்னால் மைசூரையே ஆண்டதற்கு இந்த ஊர்தான் முதல் படிக்கட்டு. கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்ததும் இந்தத் திண்டுக்கல் சீமைக்குத்தான். கம்பெனிப் படை பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கோட்டை ஒரேயடியாகக் கம்பெனி கைக்குப் போனது. 1860 வரை பட்டாளம் இருந்தது.

உச்சியில் கோயில் இருக்கிறது, சாமி இல்லை. கிடங்குகளும் அறைகளும் இருக்கின்றன. சுவர் பூராவும் காதலர்களின் பெயர்கள் (இந்தத் தேசத்தில் கரித்துண்டுக்கு மட்டும் பஞ்சமே வருவதில்லை). பிள்ளைகள் பீரங்கி மேடையில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள், பெரியவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். நானூறு வருஷத்துச் சுவர். மழையும் வெயிலும் காற்றும் அதற்கு மட்டும் விதிவிலக்கா கொடுத்தன? பேரையூர்க் கோட்டையை அழித்த காலம் திண்டுக்கல்லை ஏன் விட்டுவைத்தது?

மண் கோட்டை, கல் கோட்டை என்ற வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மண் கோட்டை லேசுப்பட்டதல்ல. பாஞ்சாலங்குறிச்சியை 1799-இல் இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, சில நாட்களிலேயே அதை எழுப்பிவிட்டார். மார்ச் கடைசியில் மோதிய கம்பெனிப் படை அந்த மண் சுவரில் அடிபட்டுத் திரும்பியது. பெரும்படை சேர்த்துக்கொண்டு வந்து மே மாதம்தான் பிடிக்க முடிந்தது. அதன்பிறகு தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கோட்டை 1974-இல் தமிழக அரசு கட்டியது.

அந்த 1801-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னையிலிருந்து ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பெயரில் ஒரு பிரகடனம் வந்தது. பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டை கூடாது. எங்கள் பக்கத்துக் கோட்டைகளைத் தின்றது கறையான் அல்ல, அந்தக் காகிதம். திண்டுக்கல் நின்றதற்குக் காரணமும் அதேபோல எளியது: ஜெயித்தவனுக்கு அது குடியிருக்கத் தேவைப்பட்டது.

வெள்ளைக்காரன் நமக்கு மட்டும் செய்ததில்லை இது. இங்கிலாந்தில் கார்ஃப் என்ற ஊரில் குன்றின்மேல் ஒரு கோட்டை, பாதி சாய்ந்த கோபுரங்களோடு படங்களில் அத்தனை அழகாக இருக்கும். உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்ற கோட்டை. 1646-இல் பிடித்ததும், நாடாளுமன்றத்தின் தீர்மானப்படி வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இன்று குடும்பத்தோடு போய், காலத்தின் கோலம் என்று அவர்களும் பெருமூச்சு விட்டுவிட்டு வருவார்கள்.

இடிபாட்டின் முன் நிற்கும்போது ஒரு சுகமான சோகம் வருகிறதே, அது இந்த மறதியில்தான் விளைகிறது என்று நினைக்கிறேன். காலம் அழித்தது என்று வைத்துக்கொண்டால் யார் மேலும் கோபப்பட வேண்டியதில்லை. யாரும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

கோட்டையை விடுங்கள். நம் வீடுகளில் எத்தனை உறவு இப்படிப் போயிருக்கிறது! "என்னமோ காலப்போக்குல போக்குவரத்து நின்னு போச்சு" என்பார்கள். துருவிப் பாருங்கள்: ஒரு காதுகுத்துக்குச் செய்முறை வராமல் போயிருக்கும், பத்திரிகையை நேரில் வைக்காமல் தபாலில் அனுப்பியிருப்பார்கள், பாகப்பிரிவினையில் கிணற்றுப் பங்கு தகராறாகியிருக்கும். "இனி அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று யாரோ ஒருவர், ஒரு குறிப்பிட்ட சாயங்காலம், வாய்விட்டுச் சொல்லியிருப்பார். அதுதான் உத்தரவு. அடுத்த தலைமுறைக்கு உத்தரவு மறந்துபோய், இடிந்த சுவர் மட்டும் மிஞ்சுகிறது. திருமலை நாயக்கர் மகாலுக்கே அந்தக் கதிதான். தாத்தா கட்டிய மாளிகையைப் பேரன் சொக்கநாதர் தலைநகரை மாற்றியபோது பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். மிச்சம்தான் நாம் பார்ப்பது.

இடிப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. மதுரைக் கோட்டையை 1837 வாக்கில் ஆட்சியர் பிளாக்பர்ன் இடித்தார். நெருக்கடியில் திணறிய ஊருக்கு அகழியைத் தூர்த்து இடம் உண்டாக்கினார். வெளி வீதிகள் அப்படி வந்தவை. வேலையில் இருந்தவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் இருக்கிறது. பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் கோட்டையின் ஒரு துண்டும் நிற்கிறது. யார் இடித்தார், எதற்காக என்று அந்த ஊருக்கே தெரியும். சரியா தப்பா என்று இன்றும் வாதம் பண்ணலாம். வாதம் பண்ண ஆள் பெயர் இருக்கிறது; அது போதும். சில உறவுகளையும் இப்படி அறிந்தே முடித்துக்கொள்வது நல்லது. முடித்துவிட்டுக் காலத்தைக் கைகாட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

திண்டுக்கல்லுக்கும் திருமயத்துக்கும் போகிறவர்கள் தாராளமாகப் போய்வாருங்கள். அதோடு பேரையூர், சாப்டூர்ப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் அடுத்த தடவை போகும்போது, பழைய கோட்டை எந்தக் காட்டில் இருந்தது, அதை இடித்ததாக என்ன பேச்சு இருக்கிறது என்று எழுபது வயது தாண்டியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.